பதினோரு உருளைகள்

வியாழன் வரை வெயில் என்றது வானொலி.
புதன் மதியமே மூடுபனி
கடல்பக்கமிருந்து செம்மறி மந்தைபோல்
பள்ளத்தாக்குக்குள் இறங்கத் தொடங்கியது.
ஸ்டெய்னார் குனிந்து ஒரு பிடி புல்லை முறுக்கினான்,
மோந்தான், கடித்தும் பார்த்தான்.
"இன்னும் அரைநாள் காயணும்."
"அரைநாளை யார் தருவா?" என்றேன்.

அண்ணன் முன்னால் புல்லை வரிசை கூட்டிக்கொண்டு போக
பின்னால் நான், பழைய மாஸி ஃபெர்குசனில்,
பேலரை இழுத்துக்கொண்டு.
பேலரில் ஒரு பெல்ட் நைந்துபோயிருந்தது.
போன வருடமே மாற்றியிருக்க வேண்டும்.
ஒவ்வொரு உருளை திரளும்போதும் ஒருமுறை கீச்சிட்டது.
நடுவில் தேநீருக்கு நிறுத்தினோம்,
கேபின் கதவைச் சாத்தாமல் இறங்கி,
வேலியோரம் நின்றபடியே குடித்தோம்.
பெர்லா வந்து என் கோப்பைக்குள் மூக்கை விட்டாள்.
கிழட்டுக் குதிரைக்குச் சர்க்கரை ஆகாதென்று
மருத்துவர் சொன்னது அவளுக்குத் தெரியாது.

கடைசி உருளைக்கு வெள்ளைப் பிளாஸ்டிக் சுற்றி முடித்தபோது
முதல் தூறல்.
ஜெயித்துவிட்டோம் என்று வீட்டுக்குள் நுழைந்தோம்.

மோசியின் தட்டில் மீன்தலை அப்படியே இருந்தது.

அண்ணன் பூட்ஸைக் கழற்றியவன்
பாதியில் நிறுத்தினான்.
"மதியம் அது புல்வரிசை மேல படுத்திருந்துச்சு.
மூணாவது வரிசை. பாறைக்குப் பக்கத்துல."
பாசி நிறப் பூனை.
பச்சைக்கும் பழுப்புக்கும் நடுவே
காயும் புல்லில் அது கிடந்தால்
மூன்றடி தள்ளி நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது.
மூன்றாவது வரிசையில்
பெல்ட் இரண்டு முறை கீச்சிட்டதாக
எனக்கு அப்போது தோன்றியது.

எங்கள் ஊரில் ஜூலை இரவு பெயருக்குத்தான்.
விளக்கு தேவைப்படவில்லை, கத்தி மட்டும்.
பாறைப்பக்கத்து உருளைகள் பதினொன்று.
அண்ணன் பிளாஸ்டிக்கைக் கிழிப்பான்,
நான் கை விடுவேன்.
உள்ளே புல் வெதுவெதுப்பாக இருந்தது
மூச்சு விடுகிற எதுவோ போல.
ஒவ்வொரு முறையும் அந்தச் சூட்டைத் தொட்டதும்
கையை இழுத்துக்கொண்டேன்,
பிறகு மறுபடி விட்டேன், தோள்வரை.

ஒரு உருளை கெட்டால்
பிப்ரவரியில் ஆடுகளுக்கு மூன்று நாள் தீவனம் போச்சு.
நாங்கள் கணக்குப் பார்க்கவில்லை.
இல்லை, பொய்.
ஏழாவதில் நான் பார்த்தேன்.

சத்தம் கேட்டு பெர்லா வந்து நின்றாள்,
நடுராத்திரி விருந்து என்று நினைத்திருப்பாள்.
கலைத்துப் போட்டதையெல்லாம் நிதானமாக மென்றாள்.
அவளைத் திட்ட யாருக்கும் குரல் வரவில்லை.

பதினொன்றிலும் புல்தான்.
அண்ணன் மழையில் உட்கார்ந்துவிட்டான்.
"இன்னும் முப்பத்தி நாலு இருக்கு," என்றான்,
கேள்வியா முடிவா தெரியவில்லை.
அவனுக்குக் குளிரில் பல் கிட்டியது.
மழைக்கோட்டு டிராக்டரில் கிடக்கிறதே என்று
கேபின் கதவைத் திறந்து ஏறினேன்.

என் இருக்கைக்குப் பின்னால்,
கருவிப் பெட்டி மேல்,
மடித்து வைத்த மழைக்கோட்டுக்குள்
மோசி ஒரு கண்ணைத் திறந்தது.
தேநீர் நேரத்தில் ஏறியிருக்க வேண்டும்.
அத்தனை கீச்சிலும், குலுக்கலிலும்
என் முதுகுக்கு ஒரு முழம் பின்னால்
தூங்கிக்கொண்டே வந்திருக்கிறது.
நான் கதவை மூடிய வேகத்தில்
கோபமாக ஒருமுறை கத்தியது.

கோட்டோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனேன்.
ஸ்டெய்னார் பார்த்தான், கையில் கத்தியோடு.
வெகுநேரம் கழித்து,
"அந்த பெல்ட்டை மாத்தணும்," என்றான்.

விடியும்வரை பச்சை டேப் ஒட்டினோம்.
ஈரத்தில் டேப் பிடிக்கவில்லை;
சட்டையைக் கழற்றித் துடைத்துத் துடைத்து ஒட்டினோம்.
காலையில் பால் வாங்க வந்த பக்கத்துப் பண்ணை ஆஸ்தீஸ்
வெள்ளை உருளைகளையும் பச்சைத் தழும்புகளையும்
மாறி மாறிப் பார்த்தாள்.
"யாருக்கு ஆபரேஷன்?"
அண்ணன் அவளுக்குக் காப்பி ஊற்றினான். பதில் சொல்லவில்லை.

குளிர்காலத்தில் நாலு உருளை பூசணம் பிடித்துப் போனது.
மீதி ஏழையும் ஆடுகள் தின்றன,
வித்தியாசம் ஒன்றும் சொல்லாமல்.
புது பெல்ட் வந்து கொட்டகையில் இருக்கிறது,
இன்னும் மாட்டவில்லை.
அதன் அட்டைப்பெட்டியில் மோசி படுத்திருக்கிறது.